வகுப்பில் தூங்கும் பிள்ளை

ஒருவன் குறட்டை விட்டுத் தூங்குகிறான் என்றால், அவன் கவலையின்றி நிம்மதியாக உறங்குகிறான் என்பதே நம்மவர் கொள்ளும் பொருள். பகலெல்லாம் ஓடி விளையாடிய பிள்ளை இரவில் குறட்டை விட்டால், "அசந்து தூங்குது, எழுப்பாதே" என்று தாய் பரிவோடு போர்வையை இழுத்து விடுகிறாள். அதே பிள்ளை மறுநாள் வகுப்பில் புத்தகத்தின் மேல் தலை சாய்த்தால் அவனைச் சோம்பேறி என்கிறார் ஆசிரியர். "தலையில் களிமண்" என்கிறான் பக்கத்துப் பையன். பரீட்சை முடிவு வந்ததும் வீட்டில் பிரம்பு பேசுகிறது. இரவில் கேட்ட ஓசைக்கும் பகலில் கண்ட மயக்கத்துக்கும் தொடர்பு உண்டோ என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. அந்தத் தொடர்பைப் பற்றியே இன்று எழுத முற்படுகிறோம்.

தொழிற்சங்க ஏட்டுக்குக் குறட்டையில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வேலை உண்டு தோழர்களே! நாம் கூலி உயர்வு கேட்பது எதற்காக? நாம் தூக்கிய பால் வாளியை நம் பிள்ளையும் தூக்கக் கூடாது என்பதற்காக. அந்தப் பிள்ளை ஏழு வயதிலேயே "இது தேறாது" என்று முத்திரை குத்தப்பட்டுக் கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டால், சம்பளச் சீட்டில் கூடிய காசு அவன் வாழ்வில் என்ன மாற்றத்தைச் செய்துவிடும்? தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி இந்த நாட்டில் வெகு காலமாக ஒரு தீர்ப்பு உலவி வருகிறது: அவர்களுக்குப் படிப்பு ஏறாது என்று. அந்தத் தீர்ப்பை நாம் ஏற்றதில்லை. ஆனால் நம் வீட்டுக்குள்ளேயே, நம் பிள்ளையைப் பார்த்து, அதே சொல்லை நாமே சொல்லி வருகிறோம். சொல்லுமுன் அவன் இரவில் எப்படித் தூங்குகிறான் என்று ஒரு முறையேனும் கவனித்தோமா?

முதலில் குறட்டை என்பது என்னவென்று அறிந்து கொள்வோம். மூக்கின் பின்புறத்தில் அடினாய்டு என்ற சதையும், தொண்டையின் இருபுறமும் டான்சில் என்ற சதையும் இருக்கின்றன. இரண்டு முதல் எட்டு வயது வரையுள்ள பருவத்தில், சிறிய தொண்டைக்குள் இவை பெரிதாய் வளர்ந்து இடத்தை அடைத்துக் கொள்வது உண்டு. விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் இறுகி நின்று வழியைத் திறந்து வைக்கின்றன. உறங்கும்போது அவை தளர்கின்றன, வழி குறுகுகிறது. குறுகிய வழியில் காற்று புகும்போது சதை அதிர்கிறது. அந்த அதிர்வே நாம் கேட்கும் குறட்டை.

அதோடு முடிந்தால் பாதகமில்லை. சில பிள்ளைகளுக்கு வழி முற்றாகவே அடைபடுகிறது. மார்பு ஏறி இறங்கும். காற்று மட்டும் உள்ளே போகாது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. ஆபத்தை உணர்ந்த மூளை உடனே உறக்கத்தைக் கலைத்துத் தசைகளை இறுக்கச் செய்கிறது. பிள்ளை ஒரு திணறலோடு மூச்சை இழுத்துப் புரண்டு படுக்கிறது. சில நொடிகளில் மீண்டும் உறக்கம். சற்று நேரத்தில் மீண்டும் அடைப்பு. ஓர் இரவில் இது பல முறை நடக்கலாம். காலையில் கேட்டால் பிள்ளைக்கு எதுவும் நினைவிராது. ஒன்பது மணி நேரம் பாயில் கிடந்ததைத் தாய் கண்டாள். அந்த ஒன்பது மணியும் உடைந்த உறக்கம் என்பதை யாரும் காணவில்லை. பகலில் படித்ததை மூளை நினைவில் படிய வைப்பதும், வளர்ச்சிக்கு வேண்டிய சுரப்பு உடலில் ஊறுவதும் ஆழ்ந்த உறக்கத்தில்தான். அது உடைந்தால் பகலில் கவனம் எங்கிருந்து வரும்?

இதில் வியப்பானது ஒன்று உண்டு. உறக்கம் கெட்ட பெரியவர் கொட்டாவி விடுவார், ஓய்ந்து உட்காருவார். பிள்ளைகளோ பெரும்பாலும் அதற்கு நேர்மாறு. ஓரிடத்தில் உட்காரமாட்டார்கள், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார்கள், பக்கத்துப் பிள்ளையைச் சீண்டுவார்கள், சொன்னது காதில் ஏறாது. தூங்கி விழுபவனை மந்தம் என்கிறோம், துள்ளித் திரிபவனைக் குரங்கு என்கிறோம். இருவருக்கும் குறை ஒன்றாகவே இருக்கக் கூடும்.

இது நேற்றைய கண்டுபிடிப்பும் அல்ல. 1889ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹில் என்னும் ஆங்கில மருத்துவர், பள்ளியில் பின்தங்கி நிற்கும் பிள்ளைகளைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். வாயால் மூச்சு விட்டு, இரவில் குறட்டை விட்டுப் புரளும் பிள்ளையை மந்தமென்று ஒதுக்காமல், பள்ளி மருத்துவர் அக்கறையோடு கவனிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அந்த ஆண்டுகளில் நம் பத்து காவானிலும் அக்கம்பக்கத்து வெல்லெஸ்லி மாகாணத் தோட்டங்களிலும் நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாய்க் கரும்பு வெட்டிக் கொண்டிருந்தனர். சீமையில் எழுதப்பட்ட அந்தச் செய்தி இந்த லயத்து வாசலுக்கு வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் போதவில்லை.

பின்னர் 1998இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் டேவிட் கோசல் என்ற மருத்துவர் தாம் நடத்திய ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். முதல் வகுப்பில் மதிப்பெண் மிகக் குறைந்து, கடைசிப் பத்தில் ஒரு பங்கில் நின்ற 297 பிள்ளைகளை அவர் எடுத்துக் கொண்டார். அவர்களுள் 54 பேருக்கு, அதாவது ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு, உறக்கத்தில் மூச்சுக் கோளாறு இருந்தது. அவர்களுள் 24 பேருக்கு டான்சிலும் அடினாய்டும் அகற்றப்பட்டன; மற்ற 30 பேரின் பெற்றோர் சிகிச்சையை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டில் சிகிச்சை பெற்ற பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது. பெறாத பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நின்றனர்.

இதைப் படித்ததும் எல்லாப் பிள்ளைகளையும் கத்திக்கு அனுப்பிவிட வேண்டும் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். 2013இல் அமெரிக்காவில் 5 முதல் 9 வயது வரையுள்ள 464 பிள்ளைகளைக் கொண்டு இன்னும் பெரிய சோதனை ஒன்றின் முடிவு வெளிவந்தது. உடனே அறுவை செய்யப்பட்ட பிள்ளைகளில் 79 விழுக்காட்டினருக்கு உறக்க மூச்சு சீரானது. அறுவையின்றிக் காத்திருந்தவர்களிலும் 46 விழுக்காட்டினருக்கு ஏழு மாதத்தில் தானாகவே சீரானது. அறுவை பெற்றோரின் நடத்தையும் அன்றாட வாழ்வும் தெளிவாகவே மேம்பட்டன. ஆனால் கவனத்தை அளக்கும் தேர்வில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஆகவே அறுவை என்பது மதிப்பெண் வாங்கித் தரும் மந்திரம் அல்ல. எந்தப் பிள்ளைக்கு எது வேண்டும் என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். மூக்கடைப்புக்கு மருந்து போதும் என்பார் ஒருவருக்கு. எடையைக் குறை என்பார் இன்னொருவருக்கு. காத்திருப்போம் என்பார் வேறொருவருக்கு. மருத்துவரின் கண்ணில் அந்தப் பிள்ளை படவே இல்லை என்பதுதான் நம் குறை.

எந்தக் குறட்டைக்குக் கவலைப்பட வேண்டும்? சளி பிடித்த நான்கு நாளில் வரும் குறட்டை சளியோடு போய்விடும். சளியில்லாத காலத்திலும், வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் பிள்ளை குறட்டை விட்டால் கவனியுங்கள். குறட்டை நடுவில் திடீரென்று நின்று, பின் திணறலோடு தொடங்குகிறதா? வாயைத் திறந்தபடியே தூங்குகிறதா? கழுத்தைப் பின்னுக்கு வளைத்துப் படுக்கிறதா? குளிர்ந்த இரவிலும் தலை வியர்க்கிறதா? நின்று போன படுக்கை நனைத்தல் மீண்டும் வந்ததா? காலையில் தலைவலி என்று அழுகிறதா? இவற்றுள் சில இருந்தால், பிரம்பை மூலையில் வைத்துவிட்டுச் சுகாதார கிளினிக்குக்குப் புறப்படுங்கள். இந்நாட்டுக் குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். தேவையென்றால் அங்கிருந்து பினாங்கு பொது மருத்துவமனை போன்ற இடங்களிலுள்ள காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்புவார்கள். போகும்போது கைப்பேசியில் பிள்ளை தூங்குவதை ஓரிரு நிமிடம் படமெடுத்துக் கொண்டு போனால், வாய் வார்த்தையில் விளங்காதது மருத்துவருக்கு விளங்கும்.

தொண்டைச் சதை ஒன்றே காரணம் என்றும் எண்ண வேண்டாம். நம் வீட்டுக் காற்றையும் பார்க்க வேண்டும். அப்பா படுக்கைக்கு அருகே புகைக்கும் சிகரெட் பிள்ளையின் மூக்கையும் தொண்டையையும் வீங்க வைக்கிறது. சிகரெட்டே இல்லாத வீட்டிலும் புகை உண்டு, அதுதான் கொசுவத்தி. சீனாவிலும் மலேசியாவிலும் விற்கும் கொசுவத்திகளை ஆராய்ந்து 2003இல் வெளியான கட்டுரை ஒன்று, ஒரு வத்தி எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் வரை எரிவதால் வரும் நுண்துகள் அளவுக்குச் சமமான துகள்களை வெளியிடுகிறது என்று கணக்கிட்டது. சன்னலை அடைத்து, பிள்ளையின் தலைமாட்டில் வத்தியைக் கொளுத்தி வைக்கிறோம். காலையில் மூக்கு அடைத்திருக்கிறது என்று தைலம் தேய்க்கிறோம். கொசுவுக்கு வலை கட்டுங்கள். அது மூச்சைக் கெடுக்காது. எடையும் ஒரு காரணம்தான். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுள் பத்தில் மூவர் அளவுக்கு மிஞ்சிய எடையோடு இருந்தனர். கழுத்தில் சேரும் கொழுப்பும் மூச்சு வழியை நெருக்குகிறது.

இதுவரை சொன்னது பிள்ளையின் தொண்டையிலும் வீட்டிலும் உள்ள கோளாறு. இனி வெளியிலிருந்து உறக்கத்தைத் திருடுவது எது என்று பார்ப்போம். இங்கேதான் தொழிலாளர் பிரச்சினை தொடங்குகிறது.

தோட்ட வாழ்வு என்றுமே விடியலுக்கு முந்திய வாழ்வு. ரப்பர் மரத்தில் அதிகாலைக் குளிரில் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏறக் குறையும். ஆகவே இருட்டில் பெரட்டு. தாய் பெரட்டுக்குப் போகுமுன் தூங்குகிற குழந்தையைத் துணியில் சுற்றி ஆயாக் கொட்டகையில் விட்டாள். மரத்தின் கணக்குக்குப் பிள்ளையின் உறக்கம் விட்டுக்கொடுத்தது. பத்து காவானில் கரும்பு போய் ரப்பரும் தென்னையும் வந்தன. பின் எண்ணெய்ப்பனை வந்தது. அதுவும் ஒதுங்கி இன்று தொழிற்பேட்டை நிற்கிறது. 2014ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் திறக்கப்பட்ட ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீள இரண்டாம் பாலம் இங்கேதான் கரை தொடுகிறது. பால் வாளி தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது பகலும் இரவும் ஓடும் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை செய்கிறார்கள். பெரட்டு மணி போய்விட்டது. ஷிப்டு பேருந்தின் ஹாரன் வந்துவிட்டது. பிள்ளையின் உறக்கம் மட்டும் இன்றும் வேறொருவர் கணக்குக்கே விட்டுக்கொடுக்கிறது.

இதோடு கடிகாரத்தின் கதையும் சேர்கிறது. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் முன்பு கிரீன்விச் நேரத்தைவிட ஏழரை மணி முன்னே இருந்தது. சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்க வேண்டுமென்று 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அதை எட்டு மணியாக்கினார்கள். ஒரே இரவில் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. நாட்டின் மேற்கு ஓரத்தில் கிடக்கும் பினாங்கில், கடிகாரம் காலை ஆறு என்னும்போது சூரியன் கணக்கில் ஏறத்தாழ நான்கு மணி நாற்பது நிமிடமே ஆகிறது. இங்கே ஆண்டு முழுவதும் பொழுது புலர்வது ஏறத்தாழ ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையேதான். பள்ளி மணியோ ஏழரையை ஒட்டி அடிக்கிறது. தோட்டம் கலைந்து நாலாபுறமும் சிதறிய குடும்பத்துப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வேன், வீடு வீடாக நின்று வர வேண்டும். ஆகவே ஆறு மணிக்கு முன்பே, கும்மிருட்டில், பிள்ளை எழ வேண்டியிருக்கிறது.

இப்போது கணக்குப் போடுவோம். 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் வரையறுத்தது. காலை ஐந்தரைக்கு எழும் பிள்ளை, குறைந்த அளவான ஒன்பது மணி நேரம் தூங்க வேண்டுமானால், இரவு எட்டரைக்கே உறங்கியிருக்க வேண்டும். அந்த எட்டரை மணிக்கு நம் வீட்டில் என்ன நடக்கிறது? அப்பா வேலை முடிந்து அப்போதுதான் வாசலில் காலணியைக் கழற்றுகிறார். அம்மா இரவு ஷிப்டுக்குப் புறப்படுகிறாள். கூடத்தில் தொலைக்காட்சி ஓடுகிறது. அதே கூடத்தின் மூலையில்தான் பிள்ளையின் பாய். இந்த நிலையில், பிள்ளை பள்ளியில் தூங்குகிறது என்று பிள்ளையை மட்டும் அடித்தால் நியாயம் ஆகுமா?

இது மாற்ற முடியாத விதி அல்ல. சிங்கப்பூரிலுள்ள நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016இல் தன் தொடக்க நேரத்தை ஏழரையிலிருந்து எட்டேகாலுக்கு மாற்றியது. மாணவியர் அந்த நேரத்தையும் விழித்தே கழிப்பார்கள் என்று பலர் எண்ணியிருக்கலாம். அளந்து பார்த்தபோது, ஒரு மாதம் கழித்து அவர்கள் படுக்கையில் இருந்த நேரம் இரவுக்கு 23 நிமிடம் கூடியிருந்தது. ஒன்பது மாதம் கழித்தும் அவர்கள் உறங்கிய நேரம் முன்பைவிடப் பத்து நிமிடம் கூடுதலாகவே நின்றது. பகல் தூக்கக் கலக்கமும் குறைந்தது. நம் நேரத்தையே பின்பற்றும் அண்டை ஊர் ஒன்றில் ஒரு பள்ளியால் இது இயன்றது என்றால், இங்கே பேசவேனும் தொடங்கலாம் அல்லவா?

ஆகவே நாம் வேண்டுவது இவை:

பெற்றோர்களே! மாதத்தில் இரண்டு இரவு, பிள்ளை உறங்கிய பின் பத்து நிமிடம் அருகில் அமர்ந்து அதன் மூச்சைக் கேளுங்கள். எட்டரை மணிக்குத் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணையுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

ஆசிரியப் பெருமக்களே! உங்கள் சுமையை நாம் அறிவோம். ஆயினும் ஒரு பிள்ளை அடிக்கடி தூங்கி விழுந்தாலோ, காரணமின்றித் துள்ளினாலோ, தண்டனைக்கு முன் பெற்றோரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "ராத்திரி குறட்டை விடுறானா?" அந்தக் கேள்வி ஒரு பிள்ளையைக் கடைசி வரிசையிலிருந்து மீட்கக் கூடும்.

கிளைச் செயலாளர்களே! 1955ஆம் ஆண்டின் தொழில் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2023 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தன. வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆனது. அதே திருத்தத்தில் 60பி என்ற பிரிவும் வந்தது. வேலை நேரத்தையோ வேலை நாளையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதிலளிக்க வேண்டும். மறுத்தால் காரணம் கூற வேண்டும். கட்டாயம் தந்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்பது உண்மைதான். ஆயினும் வாயால் கேட்டு வாயால் மறுக்கப்படுவதைவிட இது மேல். சிறு பிள்ளை உள்ள கணவனும் மனைவியும் ஒரே இரவில் வேலைக்குப் போகும் நிலை இருந்தால், அந்தக் கடிதத்தை எழுத உதவுங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்கென்று தனி விடுப்பைச் சட்டம் தரவில்லை. கிளினிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்ற அச்சமே பல பிள்ளைகளை வீட்டில் முடக்குகிறது. அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இந்த விடுப்பைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேர உறக்கம் என்று உலகத் தொழிலாளர் ஒரு காலத்தில் போராடினர். அந்த உறக்கம் வேலை செய்கிறவனுக்கு மட்டும் கேட்கப்பட்டதல்ல. அவன் குடும்பம் மனிதராய் வாழ்வதற்காகக் கேட்கப்பட்டது. நம் பிள்ளைகளுக்கு அதைவிட அதிக உறக்கம் வேண்டும், கிடைப்பதோ குறைவு. அடுத்த கிளைக் கூட்டத்தில் சம்பளப் பேச்சு முடிந்ததும் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். எத்தனை வீட்டில் பிள்ளை குறட்டை விடுகிறது, எத்தனை வீட்டில் இரவில் தாயும் தந்தையும் இல்லை என்று கையுயர்த்தச் சொல்லி எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை எழுதி நமக்கு அனுப்புங்கள். நிர்வாகத்தின் மேசையிலும் கல்வி இலாகாவின் மேசையிலும் அதை வைப்பது நம் பொறுப்பு.